சிலம்பு, கைக்குட்டை, மணி, தழும்பு: அவல நாயகர் நால்வரை ஒப்புநோக்கல்

உயர்தர வகுப்பில் சேர்ந்த முதல் தவணையில், வழக்குரை காதையைப் படிப்பித்து முடித்த அன்று, எங்கள் தமிழ் டீச்சர் ஒரு கேள்வி கேட்டார்.

“சிலப்பதிகாரத்தில் அவல நாயகன் என்று யாரைச் சொல்வீர்கள்?”

பெரும்பாலானோர் “கோவலன்” என்றோம். ஒருத்தி மட்டும் “பாண்டியன்” என்றாள். சிலர் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. காரணம் கேட்டார்.

“கோவலனுக்குத் தான் ஏன் கொல்லப்படுகிறேன் என்றே தெரியாது டீச்சர். பாண்டியனுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பதில் பல நாட்களாக என்னை விடவில்லை. அதன் பின்னர் ஆங்கில இலக்கியம் படிக்கும் தோழியிடமிருந்து ‘ஒதெல்லோ’வையும், நூலகத்திலிருந்து கிரேக்க நாடகங்கள் பற்றிய நூலொன்றையும், ‘ஷாநாமா’வின் கதைகளையும் எடுத்து வாசித்தேன். வாசித்ததன் விளைவே இக்கட்டுரை. இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை இறுதியில் சொல்கிறேன்.

வெவ்வேறு மொழி இலக்கியங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்குப் புதிய வேலையல்ல. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு சேர்த்து ஆராய்ந்து எழுதிய ‘மதங்க சூளாமணி’ 1926இல் வெளிவந்தது. அந்தப் பெரியவர் நடந்த வழியில் ஒரு மாணவி நாலு அடி வைத்துப் பார்க்கிறாள் என்று வாசகர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

அவல நாயகன் யார்?

துன்பப்படுகின்ற எல்லோரும் அவல நாயகர் அல்லர். கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘கவிதையியல்’ என்ற நூலில் இதைத் தெளிவாக விளக்குகிறார். துன்பியல் நாடகம் பார்ப்பவரிடத்தில் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்ப வேண்டும் என்பது அவரது கருத்து. எக்குறையும் இல்லாத நல்லவன் அழிந்தால் நமக்கு அருவருப்பே உண்டாகும். முழுக்க முழுக்கத் தீயவன் அழிந்தால் அவன் மேல் இரக்கம் வராது. ஆகவே, இவ்விருவருக்கும் இடைப்பட்டவனாய், உயர்ந்த நிலையில் இருந்து, தான் செய்த ஒரு பிழையினால் வீழ்பவனே அவல நாயகன்.

அந்தப் பிழைக்கு அரிஸ்டோட்டில் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘ஹமார்ஷியா’. வில்லாளன் விட்ட அம்பு இலக்கைத் தவறவிடுவதைக் குறிக்கும் சொல்லின் வழி வந்தது. பரீட்சைக் குறிப்புகளில் இதைக் ‘குணக்குறை’ என்று எழுதிப் பாடமாக்குகிறோம். பொறாமை, அகந்தை, அவசரம் என்று ஒவ்வொரு நாயகனுக்கும் ஒரு குறையை ஒட்டிவிட்டால் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அச்சொல்லின் பொருளோ கணிப்புத் தவறுதல் என்பதற்கே நெருங்கியது. நல்ல குணமுள்ளவனுக்கும் குறி தவறலாம். அதனால்தான் நமக்கு அச்சம் வருகிறது. அவனுக்கு நேர்ந்தது எனக்கும் நேரலாமே!

இன்னும் இரண்டு விடயங்களையும் அவர் கூறுகிறார். ஒன்று நிலைமாற்றம்: நன்மை நோக்கிப் போவதாக எண்ணிய செயல் நேர் எதிராகத் திரும்புவது. மற்றது அறிதல்: அறியாமையிலிருந்து உண்மைக்கு வந்து சேர்வது. இவ்விரண்டும் ஒரே கணத்தில் நிகழ்வதே சிறந்தது என்கிறார்.

நமது தொல்காப்பியம் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளிலும் அழுகையும் அச்சமும் இடம்பெறுகின்றன. கிரேக்கரின் கொள்கையும் தமிழரின் கொள்கையும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், பார்ப்பவர் நெஞ்சில் என்ன நிகழ்கிறது என்பதை இரண்டு மரபுகளும் கருத்திற் கொண்டன என்பதைக் கவனிக்கலாம்.

இந்த அடிப்படையில் நால்வரை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தேன். உண்மையைக் காட்டக்கூடிய சான்று எது? அதை அவன் எப்போது பார்த்தான்? பார்த்த பின் என்ன செய்தான்?

பாண்டியனும் சிலம்பும்

கோவலன் ஏன் முதல் இடத்தைப் பெறவில்லை என்பதை முதலில் பார்ப்போம். அவன் தன் குற்றத்தை உணராதவன் அல்லன். கொலைக்களக் காதையில், தான் வாழ்ந்த தவறான வாழ்வை எண்ணிக் கண்ணகியிடம் வருந்துகிறான். ஆனால் அவனைக் கொன்றது அந்தத் தவறு அல்ல. ஒரு பொற்கொல்லனின் பொய். அந்தப் பொய் தன்னைச் சூழ்ந்திருப்பதை அறியாமலே காவலனின் வாளுக்கு இரையாகிறான்.

பாண்டியன் நெடுஞ்செழியனின் நிலை வேறு. கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடி வைத்திருந்த பொற்கொல்லன், கோவலனின் கையில் அதுபோன்ற சிலம்பொன்றைக் கண்டதும் அரசனிடம் ஓடுகிறான். அரசன் அப்போது ஊடல் கொண்ட தேவியைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் நின்றவாறே கதையைக் கேட்கிறான்; காவலரை அழைக்கிறான்; அந்தக் கள்வனிடம் சிலம்பு இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருமாறு கட்டளையிடுகிறான். சபை கூடவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் முன்னால் நிறுத்தப்படவில்லை. சிலம்பைக் கையில் எடுத்துப் பார்க்கவுமில்லை. சில அடிகளுக்குள் ஓர் உயிரின் முடிவு எழுதப்பட்டுவிடுகிறது.

அவன் கொடுங்கோலன் அல்லன். கண்ணகி ஒற்றைச் சிலம்போடு வாயிலில் நின்றபோது உள்ளே வரவிடுகிறான். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அவளிடம் சொல்கிறான். அதை அவன் மனமார நம்பித்தான் சொல்கிறான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி கூறியதும், எமது சிலம்பின் பரல் முத்து என்று அவனே சொல்கிறான். காவலர் கொண்டுவந்த சிலம்பை எடுத்து வரச் செய்து அவள் முன்னால் வைப்பவனும் அவனே.

இந்த இடத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அரசன் அந்த வேளையில் பொய் சொல்லியிருக்கலாம். எமது பரலும் மாணிக்கமே என்று கூறியிருந்தால் மறுப்பதற்கு அந்தச் சபையில் யார் துணிந்திருப்பார்? சிலம்பைக் கொண்டுவரவே மறுத்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. தனக்கு எதிரான சான்றைத் தானே சபையில் வைத்தான்.

சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தது. அவன் கண்ணுக்குக் குடை சாய்ந்ததாகவும் செங்கோல் வளைந்ததாகவும் தோன்றியது. பொன்செய் கொல்லனின் பேச்சைக் கேட்ட தான் அரசன் அல்லன், தானே கள்வன் என்று சொல்லி வீழ்ந்து இறந்தான். எந்தச் சொல்லைக் கோவலன் மேல் சுமத்தினானோ, அதே சொல்லைத் தன் மேல் எடுத்துக்கொண்டான். பின்னர் வஞ்சிக் காண்டத்தில் இச்செய்தியைக் கேள்வியுறும் சேரன் செங்குட்டுவன், வளைந்த கோலைப் பாண்டியனின் உயிர் நிமிர்த்திவிட்டது என்று கூறுவதாக இளங்கோவடிகள் அமைத்துள்ளார்.

ஒதெல்லோவும் கைக்குட்டையும்

சேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ 1604ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி இலண்டனில் அரசவை முன்னிலையில் நடிக்கப்பட்டதாகப் பதிவு உண்டு. வெனிஸ் நகரத்தின் படைத்தளபதி ஒதெல்லோ. அவனை நாடகம் ‘மூர்’ என்று அழைக்கிறது. அந்தச் சொல் நமக்கும் தூரமானது அல்ல. போர்த்துக்கேயர் இத்தீவின் முஸ்லிம்களுக்கு இட்ட பெயரும் அதுவே. இன்றும் குடிசன மதிப்பீட்டின் ஆங்கிலப் படிவத்தில் இலங்கைச் சோனகர் அந்தப் பெயராலேயே குறிக்கப்படுகின்றனர். நாடகத்தின் ஒதெல்லோ கிறிஸ்தவனாகவே காட்டப்படுகிறான். எனினும், தான் வாழும் நகரத்தில் அவன் நிறத்தாலும் பிறப்பாலும் வேற்றாள். அவனுடைய வாளை நம்பிய நகரம் அவனை முழுமையாகத் தன்னவனாக ஏற்கவில்லை. தன் மனைவி தன்னை உண்மையாக நேசிக்கக் கூடுமா என்ற சந்தேகத்தை இயாகோ விதைத்தபோது, அது அந்தக் காயத்தில்தான் முளைத்தது.

இயாகோ அவனது கீழ் அதிகாரி. பதவி உயர்வு காசியோவுக்குப் போனதில் வன்மம் கொண்டவன். டெஸ்டிமோனாவையும் காசியோவையும் சேர்த்து அவன் கதை கட்டுகிறான். ஒதெல்லோ எடுத்த எடுப்பிலே நம்பிவிடவில்லை. கண்ணால் காணத்தக்க சான்று கொண்டுவா என்று இயாகோவின் கழுத்தைப் பிடிக்கிறான். இந்த வகையில் பாண்டியனை விட அவன் ஒரு படி மேல் என்றுகூடத் தோன்றும்.

ஆனால் சான்றை யாரிடம் கேட்டான்? குற்றம் சாட்டியவனிடமே கேட்டான். ஒதெல்லோ மனைவிக்குக் கொடுத்த முதற் பரிசு, ஸ்ட்ரோபெரிப் பழங்கள் தைக்கப்பட்ட ஒரு கைக்குட்டை. அது அவள் கையிலிருந்து தவறி விழ, எமிலியா எடுத்துத் தன் கணவன் இயாகோவிடம் கொடுக்கிறாள். இயாகோ அதைக் காசியோவின் அறையில் போட்டுவிடுகிறான். கைக்குட்டை உண்மையானது, அது சொன்ன கதை பொய்.

ஒதெல்லோ காசியோவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறைந்து நின்று, காசியோ வேறொரு பெண்ணைப் பற்றிச் சிரித்துப் பேசுவதைத் தன் மனைவியைப் பற்றிய பேச்சாக எண்ணிக்கொள்கிறான். எமிலியாவிடம் கேட்கிறான், டெஸ்டிமோனா களங்கமற்றவள் என்று அவள் அடித்துச் சொன்னதும் அவளை நம்ப மறுக்கிறான். அதாவது, தான் முன்பே எடுத்த முடிவுக்கு ஒத்துவரும் சாட்சியை மட்டும் ஏற்றுக்கொள்கிறான். கேள்வி கேட்பது வேறு, ஆராய்வது வேறு என்பதை இந்த நாடகம்தான் எனக்குத் தெளிவாக்கியது.

டெஸ்டிமோனா கொல்லப்பட்ட பின்னரே எமிலியாவின் வாய்மொழியால் கைக்குட்டையின் வரலாறு வெளிப்படுகிறது. இயாகோவின் வாள் அவளையும் பலிகொள்கிறது. ஒதெல்லோ, நடந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் தெரிவியுங்கள் என்று கேட்டுவிட்டுத் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறான். அந்த இறுதிப் பேச்சைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவன் அங்கே டெஸ்டிமோனாவை மறந்து தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறான் என்று டி. எஸ். எலியட் கூறினார். நானும் அப்பேச்சை இரண்டு தடவை வாசித்தேன். தான் நாட்டுக்குச் செய்த சேவையை நினைவூட்டியபடிதான் அவன் அதைத் தொடங்குகிறான். பாண்டியனின் கடைசிப் பேச்சில் அப்படி எதுவும் இல்லை.

ருஸ்தமும் மணியும்

பாரசீகக் கவிஞர் ஃபிர்தௌசி ‘ஷாநாமா’வை 1010ஆம் ஆண்டளவில் நிறைவு செய்தார். ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஈரடிகளைக் கொண்ட அந்தப் பெருங்காவியத்தில் ருஸ்தம், சொஹ்ராப் கதை உலகெங்கும் அறியப்பட்டது. ஆங்கிலக் கவிஞர் மத்தியூ ஆர்னோல்ட் 1853இல் இதைத் தழுவி ஒரு நெடுங்கவிதை எழுதினார்.

ஈரானின் மாவீரன் ருஸ்தம், சமங்கான் அரசனின் மகள் தஹ்மீனாவை மணந்து, பிரியும்போது ஒரு மணியைக் கொடுக்கிறான். பிறப்பது ஆணாயின் கையில் கட்டுமாறு சொல்லிச் செல்கிறான். பிறந்த மகன் சொஹ்ராப் தந்தையைக் காணாமலே வளர்ந்து, தந்தையைத் தேடியே பகைவரான தூரானியரின் படையோடு ஈரானுக்கு வருகிறான். தந்தையும் மகனும் ஒருவரை ஒருவர் அறிந்துவிடக் கூடாது என்பதில் தூரானிய அரசன் அஃப்ராசியாப் குறியாக இருக்கிறான்.

இந்தக் கதையில் கேள்வி கேட்பவன் மகன். சிறைப்பட்ட ஈரானிய வீரனிடம், எந்தக் கூடாரம் ருஸ்தமுடையது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். அந்த வீரன் பொய் சொல்கிறான். ருஸ்தமை அடையாளம் காட்டுவதற்கெனத் தாய் அனுப்பிய உறவினரும் இரவில் ருஸ்தமின் கையாலேயே மடிகிறார். போர்க்களத்தில், நீங்கள் ருஸ்தம் தானா என்று சொஹ்ராப் நேருக்கு நேர் கேட்கிறான். ருஸ்தம் இல்லை என்கிறான்.

அந்த ஒரு சொல் தான் அவனுடைய பிழை. முதல் மற்போரில் மகன் தந்தையை வீழ்த்துகிறான். முதல் தடவையிலே கொல்வது எங்கள் வழக்கம் அல்ல என்று தந்திரம் பேசி ருஸ்தம் தப்புகிறான். அடுத்த முறை மகனை வீழ்த்தியதும் தாமதியாமல் குத்திவிடுகிறான். என் தந்தை ருஸ்தம் உன்னை விடமாட்டார் என்று மகன் சொன்ன பின்னரே உண்மை உடைகிறது. கவசத்தைக் கழற்றினால் கையில் மணி இருக்கிறது. சான்று ஆரம்பம் முதல் அங்கேதான் இருந்தது. இரும்புக் கவசம் ஒன்றே இடையில் நின்றது.

ருஸ்தம் தன்னை மாய்த்துக்கொள்ள முயல்கிறான், மற்றவர்கள் தடுக்கிறார்கள். மகனைக் காக்கும் மருந்தை அரசன் கைகாவூஸிடம் கேட்டு அனுப்புகிறான். தந்தையும் மகனும் ஒன்று சேர்ந்தால் தனக்கு ஆபத்து என்று அஞ்சி அரசன் கொடுக்க மறுக்கிறான். ருஸ்தம் தானே புறப்படும்போது, மகன் இறந்த செய்தி பின்னால் வந்து சேர்கிறது. அவன் தன் கூடாரத்தையும் போர்க்கருவிகளையும் எரிக்கிறான். ஆனால் சாகவில்லை. அதன் பின்னும் நெடுங்காலம் வாழ்கிறான். மற்ற மூவரின் தண்டனையை விட அது எளிதானதா, கடினமானதா? என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

ஈடிப்பஸும் தழும்பும்

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சொபொக்கிளிஸ் எழுதிய ‘ஈடிப்பஸ் மன்னன்’ நாடகத்தையே அரிஸ்டோட்டில் பல இடங்களில் முன்மாதிரியாகக் காட்டுகிறார். தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற முன்னறிவிப்பினால், பிறந்தவுடனே பாதங்கள் துளைக்கப்பட்டு மலையில் விடப்பட்ட குழந்தை ஈடிப்பஸ். வீங்கிய பாதன் என்பதே அப்பெயரின் பொருள். கொரிந்து நாட்டு அரசனின் மகனாக வளர்கிறான். அதே முன்னறிவிப்பைத் தானும் கேட்டு, பெற்றோர் என்று தான் நம்பியவர்களைக் காப்பாற்ற ஊரைவிட்டு வெளியேறுகிறான். மூன்று வழிகள் சந்திக்கும் இடத்தில் முன்பின் அறியாத முதியவரோடு சண்டையிட்டுக் கொல்கிறான். தீப்ஸ் நகரைக் காப்பாற்றி அதன் அரசனாகிறான். விதவையான அரசியை மணக்கிறான்.

நாடகம் தொடங்கும்போது இவையெல்லாம் நடந்து முடிந்துவிட்டன. நகரைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. முன்னைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால் நோய் நீங்கும் என்று அறிந்ததும், அந்தக் கொலைகாரனை நாடு கடத்துவேன் என்று மக்கள் முன் அறிவித்து விசாரணையைத் தொடங்குகிறான்.

இவனிடமும் குறை உண்டு. பார்வையற்ற ஞானி டைரீசியஸ் உண்மையைச் சொன்னபோது கோபங்கொண்டு அவர் மேலேயே சதிக் குற்றம் சுமத்துகிறான். ஆனால் விசாரணையை விட்டுவிடவில்லை. உண்மையை முதலில் ஊகித்துக்கொண்ட அரசி, இனி எதையும் கேட்க வேண்டாம் என்று மன்றாடுகிறாள். கடைசிச் சாட்சியான முதிய இடையன் பேச அஞ்சுகிறான். இருந்தும் ஈடிப்பஸ் கேட்டே தீருகிறான். பாதத்தில் இருந்த தழும்புக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிகிறது. எல்லோரையும் விசாரித்தவன் தேடிய ஆள் அவனே! அரசி உயிரை விடுகிறாள். அவன் தன் கண்களைத் தானே குருடாக்கிக்கொள்கிறான். கொலைகாரனுக்கென்று தான் அறிவித்த தண்டனையைத் தனக்கு நிறைவேற்றுமாறு, தன்னை நாட்டைவிட்டு அனுப்புமாறு கேட்கிறான்.

நால்வரையும் சேர்த்துப் பார்த்தால்

நால்வர் கதையிலும் உண்மையைச் சொல்லும் பொருள் மிகச் சிறியது. கையில் அடங்கும் ஒன்று. அது தொலைவிலும் இல்லை. பாண்டியன் சிலம்பை எடுத்துப் பார்க்கவில்லை. ஒதெல்லோ கைக்குட்டையைப் பார்த்தான், அது வந்த வழியைப் பார்க்கவில்லை. ருஸ்தம் மணியைப் பார்க்க இடந்தரவில்லை. ஈடிப்பஸ் தன் பாதத்திலேயே சான்றைச் சுமந்து திரிந்தான்.

இது விதியின் செயல் அல்லவா என்று சிலர் கேட்கலாம். ஈடிப்பஸுக்கு முன்னறிவிப்பு இருந்தது. சிலப்பதிகாரம் ஊழ்வினையைத் தன் மூன்று கருத்துகளில் ஒன்றாகவே வைத்துள்ளது. ஃபிர்தௌசியும் விதியின் கையைப் பல இடங்களில் பேசுகிறார். ஒதெல்லோவுக்கு மட்டுமே அத்தகைய முன்னறிவிப்பு எதுவும் இல்லை. மனிதன் ஒருவனின் வஞ்சகமே அங்கே போதுமானதாக இருந்தது. ஆனால் நான் கவனித்த ஒன்று உண்டு. விதியைப் பேசும் அந்த மூன்று நூல்களிலும்கூட, உண்மை வெளியான கணத்தில் நாயகன் தான் செய்ததைத் தன்னுடையதல்ல என்று தள்ளிவிடவில்லை. தான் அறியாமல் செய்தேன் என்று சொல்ல மற்ற எவரையும் விட ஈடிப்பஸுக்கே உரிமை இருந்தது. அவன்கூட அதை ஒரு வாயிலாகப் பயன்படுத்தித் தப்பவில்லை.

ஆகவே, நான் வந்து சேர்ந்த முடிவு இது. ஒருவனை அவல நாயகன் ஆக்குவது பிழை மட்டும் அல்ல. பிழை எல்லோரும் செய்வது. இயாகோ இவர்கள் எல்லோரையும் விடப் பெரிய தீமை செய்தான். உண்மை வெளிப்பட்டதும் இனிப் பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டான். அவனை யாரும் அவல நாயகன் என்பதில்லை. அறிந்த பின்னர் அந்த அறிவைச் சுமக்க முன்வருபவனே நம் இரக்கத்தைப் பெறுகிறான்.

நால்வரும் சுமந்த விதமும் ஒன்றல்ல. உயிரை விடுவதோ கண்ணைக் குத்திக்கொள்வதோ நாம் பின்பற்ற வேண்டிய வழிகள் அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. காவியங்கள் எதையும் பெரிதாக்கியே காட்டும். அவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது, பாண்டியன் சான்றைத் தானே சபையில் வைத்ததும், ஈடிப்பஸ் தன் சட்டத்திலிருந்து தனக்கு விலக்குக் கேட்காததுமே ஆகும்.

இன்னொரு காரணம்

ஆரம்பத்தில் சொன்ன மற்றக் காரணத்துக்கு வருகிறேன்.

பதினோராம் தரத்தில் வகுப்பின் பிரியாவிடை நிகழ்வுக்காகச் சேர்த்த 4,500 ரூபா என் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் இடைவேளைக்குப் பின் பணத்தைக் காணவில்லை. உன் பைக்கு அருகில் இன்னார் நின்றதைக் கண்டேன் என்று ஒருத்தி சொன்னாள். நான் வேறெதுவும் யோசிக்கவில்லை. முழு வகுப்பின் முன்னாலும் அந்தத் தோழியிடம் போய், “நீதானே எடுத்தாய்?” என்று கேட்டேன். அவளுடைய பை மேசையில் கொட்டப்பட்டது. எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் அதன் பிறகு அவளோடு யாரும் சரியாகக் கதைக்கவில்லை. மறுநாள் அவளுடைய வாப்பா வந்து, என் மகள் எடுக்கவில்லை, ஆனாலும் பிள்ளைகளின் நிகழ்வு நின்றுவிடக் கூடாது என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து, பாடநூல்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக உம்மா உறைகளைக் கழற்றினார். வரலாற்றுப் புத்தகத்தின் உறைக்குள்ளிருந்து அந்தக் கடித உறை விழுந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நானே வைத்து, நானே மறந்திருக்கிறேன்.

வாப்பாவோடு அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை” என்றாள் அவள். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். வகுப்பில் யாருக்கும் நான் சொல்லவில்லை. எல்லோரும் வெவ்வேறு பிரிவுகளுக்குப் போய்விட்டார்கள், இனி எதற்கு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பாண்டியன் என்று சொன்னவள் அவள்தான். சில கிழமைகளுக்குப் பின், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

“அவன் சபையில வெச்சுச் சொன்னான்தானே” என்றாள்.

நான் குற்றம் சாட்டியது சபையில். மன்னிப்புக் கேட்டது வீட்டுக்குள். இடையில் இருந்த வித்தியாசம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வகுப்பில் இருந்த நாற்பது பேரில் பலர், அவள் எடுத்திருக்கலாம் என்று இன்றும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடும். அவர்களும் அவர்களது பெற்றோரும் இந்தச் சஞ்சிகையை வாசிப்பார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன்: பணத்தை யாரும் எடுக்கவில்லை. அது என் புத்தகத்தின் உறைக்குள் இருந்தது. ஆராயாமல் பழி சொன்னது நான்.

இதை அச்சுக்குக் கொடுக்க முன்னர் அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள். என் பெயர் கட்டுரையின் கீழ் இருக்கட்டும் என்றேன். பாண்டியனைப் பற்றிய பகுதியில், சிலம்பை எடுத்து வரச் செய்தவன் அவனே என்பதை நான் விட்டிருந்தேன். அதைச் சேர்க்கச் சொன்னதும் அவள்தான்.